பாராங் கத்திக்குத் தோய்ச்சல்: எந்த எண்ணெய் சரி?

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, தட்டி எடுத்த பாராங்கிற்குத் தோட்டப் பக்கங்களில் இன்னும் மதிப்பு உண்டு. கடையில் விற்கும் மெல்லிய தகட்டுக் கத்தி லாலாங் புல்லுக்குப் போதும். செம்பனை மட்டைக்கும் மூங்கிலுக்கும் ஸ்பிரிங் பட்டைதான் தாங்கும். இப்போது நகரத்து இளைஞர்கள் சிலரும் காணொளி பார்த்து, வீட்டுக்குப் பின்னால் சிறிய கேஸ் உலை அமைத்து, சொந்தமாகக் கத்தி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பழுக்கக் காய்ந்த கத்தியை எதில் முக்குவது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “வண்டிப் பட்டறைக்குப் போய் ஒரு டின் கறுப்பு எண்ணெய் வாங்கிட்டு வா.”

அந்தக் கறுப்பு எண்ணெய், அதாவது வண்டியிலிருந்து வடித்த பழைய இஞ்சின் ஆயில், இந்த வேலைக்கு மோசமான தேர்வு. ஸ்பிரிங் பட்டைக்கு அதைவிட நல்ல எண்ணெய் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. அதே சமயம், அடுப்படி எண்ணெய் எல்லா எஃகுக்கும் போதாது. எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு கையில் இருப்பது என்ன எஃகு என்று தெரிய வேண்டும்.

முக்கும்போது நடப்பது என்ன?

எஃகை 800 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சும்போது அதிலுள்ள கார்பன் இரும்போடு கரைந்து கலந்துவிடுகிறது. பிறகு மெதுவாக ஆறவிட்டால் கார்பன் மீண்டும் பிரிந்து ஒதுங்கும், எஃகு மென்மையாகிவிடும். சட்டென்று குளிரவைத்தால் அதற்கு ஒதுங்க நேரம் இருக்காது. இருந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டு இரும்பின் அமைப்பை இறுக்கிவிடும். இந்த இறுகிய நிலைக்கு மார்டென்சைட் என்று பெயர். கொல்லுப்பட்டறைப் பேச்சில் தோய்ச்சல் என்று சொல்வது இந்த நிலையை உண்டாக்கும் வேலையைத்தான்.

இதில் முக்கியமான இடம் ஏறக்குறைய 600 டிகிரியிலிருந்து 500 டிகிரி வரை. அங்கே தாமதித்தால் கத்தியின் வாய் கடினமாகாது. அதைக் கடந்துவிட்டால் அவசரமில்லை. சொல்லப்போனால், 300 டிகிரிக்குக் கீழே நிதானமாகக் குளிர்வதே நல்லது. மார்டென்சைட் உருவாகும்போது எஃகு சற்று விரிகிறது. ஒரு பக்கம் முந்தி விரிந்து மறுபக்கம் பிந்தினால் கத்தி வளையும், அல்லது வெடிக்கும்.

தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. தண்ணீர் மேலேயும் வேகம், கீழேயும் வேகம். எண்ணெய் மேலே போதுமான வேகத்தில் இழுத்துவிட்டுக் கீழே வந்ததும் நிதானப்படுகிறது. லாரி ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் முக்கியவர்களுக்கு ‘டிங்’ என்ற அந்தச் சின்னச் சத்தம் தெரிந்திருக்கும். அது கீறல் விட்ட சத்தம். சில கீறல்கள் கண்ணுக்கே தெரியாது. பாராங் ஓங்கும்போதோ, நீளக் கம்பில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேல் இழுக்கும்போதோதான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். உடைந்த துண்டு எங்கே வந்து விழும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடான இரும்பு எண்ணெய்க்குள் போன கணமே அதைச் சுற்றி ஆவி ஒரு போர்வைபோல் மூடிக்கொள்கிறது. போர்வை இருக்கும் வரை வெப்பம் வேகமாக வெளியேறாது. அது கிழிந்து, எண்ணெய் இரும்பைத் தொட்டுக் கொதிக்கும்போதுதான் உண்மையான குளிர்ச்சி தொடங்கும். கொதிப்பு அடங்கிய பிறகு மிச்ச வெப்பம் மெதுவாக இறங்கும். போர்வை சீக்கிரம் கிழியும் எண்ணெயே நல்ல தோய்ச்சல் எண்ணெய். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், வாளுக்குத் தோய்ச்சல் கொடுக்க வாழைச் சாம்பல் காரத்தை மோரில் கலக்கும் முறை ஒன்று வருகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நீரில் கரைந்த உப்பும் காரமும் அந்த ஆவிப் போர்வையை உடைக்கும் என்பது உண்மை. இதற்காக யாரும் இன்று மோர் தேட வேண்டாம்.

கையில் இருப்பது என்ன எஃகு?

ஜப்பானிய லாரிகளின் ஸ்பிரிங் பட்டை பெரும்பாலும் எஸ்யூபி9 வகை. அமெரிக்கர்கள் 5160 என்று சொல்வதற்கு இது மிக நெருக்கம். கார்பன் 0.55 முதல் 0.6 விழுக்காடு வரை. அதோடு மங்கனீசும் குரோமியமும் தலா ஏறக்குறைய 0.8 விழுக்காடு. இந்தக் குரோமியம்தான் நமக்கு உதவி செய்கிறது. கார்பன் பிரிந்து ஒதுங்குவதை அது தாமதப்படுத்துவதால், குளிரவைக்கச் சில விநாடிகள் அவகாசம் கிடைக்கிறது. நடுத்தர வேக எண்ணெயே போதும். ஓ1 என்ற கருவி எஃகுக்கு அவகாசம் இன்னும் தாராளம்.

பழைய அரத்தில் செய்யும் கத்தி வேறு ரகம். நல்ல அரத்தில் கார்பன் 1 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் அவகாசம் தரும் குரோமியம் இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆன்லைனில் வாங்கும் 1095 பட்டையும் இப்படித்தான். 800 டிகிரியிலிருந்து 540 டிகிரிக்குக் கீழே ஒரே விநாடிக்குள் இறங்கியாக வேண்டும். சமையல் எண்ணெயில் முக்கினால் மெல்லிய வாய்ப்பகுதி கடினமாகும். தடித்த முதுகு மென்மையாகவே நிற்கும். 2, 3 மில்லிமீட்டர் கனமுள்ள காய்கறிக் கத்திக்கு அது குறையே இல்லை. வாய் வெட்டும், முதுகு வளைந்து கொடுக்கும். ஆனால் கனமான கத்தி முழுவதும் ஒரே சீராகக் கடினமாக வேண்டுமென்றால், அதற்கென்றே தயாரித்த வேக எண்ணெய் வேண்டும். மலிவு அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டவையும் உண்டு. உள்ளே சாதா இரும்பு. எந்த எண்ணெயாலும் அதைக் கத்தியாக்க முடியாது.

துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு 1,000 டிகிரிக்கு மேல் சூடும் கணக்கான கட்டுப்பாடும் தேவை. வீட்டு உலை அதற்கு ஏற்றதல்ல.

கறுப்பு எண்ணெய் ஏன் வேண்டாம்?

இலவசம் என்பது மட்டும்தான் அதன் சிறப்பு. இஞ்சின் ஆயில் உராய்வைக் குறைக்கச் செய்யப்பட்டது. இரும்பைக் குளிரவைக்க அல்ல. புதிய இஞ்சின் ஆயிலே தோய்ச்சலுக்கு மந்தம். பழையதில் இஞ்சின் தேய்ந்த உலோகத் தூள், கரி, சில சமயம் பெட்ரோலும் தண்ணீரும் கலந்திருக்கும். ஒரு டின்னைப் போல இன்னொரு டின் இருக்காது. போன மாதம் நன்றாக வந்த கத்தி இந்த மாதம் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

உடம்புக்கு வரும் கேடு அதைவிடப் பெரியது. ஓடித் தேய்ந்த இஞ்சின் ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்கின்றன. அதில் பழுத்த இரும்பை முக்கினால் எழும் புகை நேராக மூக்குக்குள் போகிறது. வாரம் நான்கு கத்தி செய்பவர் வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கிறார். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ.305 என்ற எண்ணில் இடம்பெற்றிருக்கிறது. வண்டிப் பட்டறையே விருப்பம்போல் கொட்ட முடியாத ஒன்றை வீட்டுக்கு ஏன் கொண்டுவர வேண்டும்?

எண்ணெய் தடிப்பாக இருக்கிறதென்று டீசலோ மண்ணெண்ணெயோ கலப்பவர்களும் உண்டு. இதைப்பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: கலக்காதீர்கள். அவற்றின் ஆவி மிகக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். நீங்கள் அதற்குள் இறக்குவதோ 800 டிகிரி இரும்பு.

செம்பனை எண்ணெய்

அமெரிக்கக் காணொளிகளில் கனோலா எண்ணெயை 50, 55 டிகிரிக்குச் சூடாக்கி முக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது மலிவு. அதனால் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதைத் தேடிப் பேரங்காடியில் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நம் செம்பனை எண்ணெய் குளிரவைக்கும் வேகத்தில் பெரிதாகப் பின்தங்கவில்லை. தாவர எண்ணெய்களுக்குப் பொதுவாக ஒரு நல்ல குணம் உண்டு: ஆவிப் போர்வை மிகக் குறுகிய நேரமே நிற்கும். முக்கிய கணமே கொதிப்பு தொடங்கிவிடும்.

நம் எண்ணெய்க்கு மேலும் இரண்டு நன்மைகள். ஒன்று, அது தீப்பிடிக்கும் வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல். இஞ்சின் ஆயிலைவிட அதிகம். இரண்டு, திரும்பத் திரும்பச் சூடேறினாலும் சோயா, சூரியகாந்தி எண்ணெய்களைப்போல் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெட்டுப்போகாது. பலகாரம் சுடுபவர்கள் இதை விரும்புவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கேயும். கத்தியை முக்கும்போது முறுக்கு சுடும் வாசனை வரும் என்பதைத் தவிர அக்கம்பக்கத்துக்கும் தொல்லையில்லை. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், விலைதான் கட்டுப்படியாகாது.

வாங்கும்போது புதிய எண்ணெயாக வாங்குங்கள். கடையில் பொரித்துப் போட்ட பழைய எண்ணெயில் உப்பும் ஈரமும் மாவுத் துகளும் இருக்கும். அது தோய்ச்சலைக் கெடுக்கும். உதவித்தொகையில் விற்கும் 1 கிலோ பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்கானது. அதை உலைக்கு எடுக்காமல் 5 கிலோ போத்தலை வாங்குவதே முறை.

எவ்வளவு எண்ணெய்? எடை தெரிந்தால் கணக்கு எளிது. 1 கிலோ எஃகுக்குச் சுமார் 8 லிட்டர் என்பது கத்தி செய்பவர்கள் கைக்கொள்ளும் அளவு. 600 கிராம் பாராங்கிற்கு 5 லிட்டர் வேண்டும். 5 கிலோ போத்தலில் ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் இருப்பதால் ஒரு போத்தல் போதும். அதை 4 அங்குல இரும்புக் குழாயில் ஊற்றினால் சுமார் 70 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும். குழாயை 90 சென்டிமீட்டருக்கு வெட்டி, அடியில் அகலமான தகட்டைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். தட்டினாலும் சாயக்கூடாது. வாயை மூட ஓர் இரும்பு மூடி கட்டாயம். பிளாஸ்டிக் வாளியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

எண்ணெய் ஆறியிருந்தால் வேகமாகக் குளிரவைக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆறிய எண்ணெய் தடிப்பாக இருப்பதால் இரும்பைச் சுற்றி ஓடாது. 50, 60 டிகிரியில் அது இளகி வேகமாக ஓடி வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். ஒரு பழைய இரும்புத் துண்டைக் காய்ச்சி முழுவதும் எண்ணெய்க்குள் மூழ்கும்படி இறக்கிக் கலக்கினால் சூடு வந்துவிடும். சமையல் தெர்மோமீட்டரில் பாருங்கள். இரண்டு மூன்று கத்திகளுக்குப் பிறகு 80 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஆறும் வரை நிறுத்திவிடுங்கள்.

தோய்ச்சலுக்கென்றே விற்கும் எண்ணெய்

இவற்றின் வேகத்தை அளக்க ஒரு சுவையான சோதனை இருக்கிறது. நிக்கல் உருண்டையை 885 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் போடுவார்கள். நிக்கல் சுமார் 354 டிகிரிக்கு இறங்கியதும் மீண்டும் காந்தத்தில் ஒட்டும். பக்கத்திலுள்ள காந்தம் அதை இழுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் கடிகாரம் நிற்கும். 8 முதல் 10 விநாடிக்குள் இழுபட்டால் வேகமான எண்ணெய். 15 விநாடிக்கு மேல் என்றால் மந்தமான எண்ணெய். கத்தி செய்பவர்கள் அதிகம் பேசும் பார்க்ஸ் 50 என்ற எண்ணெய்க்கு 7 முதல் 9 விநாடி என்று குறிப்பிடுகிறார்கள். 1095, அரம் போன்றவற்றுக்கு அதுதான் பொருத்தம். அதைச் சூடாக்கத் தேவையில்லை. நம் ஊர் வெயிலின் சூடே போதும்.

ஸ்பிரிங் பட்டைக்கு இதை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. தேவைக்கு மேற்பட்ட வேகம் கத்தியை வளைக்கவும் கீறல் விடவும் வாய்ப்பைக் கூட்டுமே தவிர, கடினத்தைக் கூட்டாது.

தண்ணீர் என்ற எதிரி

எண்ணெய்க் குழாயைத் தகரக் கொட்டகையில் திறந்தபடி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். மழைத் தூறலோ, கூரையிலிருந்து சொட்டும் பனியோ உள்ளே போனால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் தங்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழுத்த நுனி அதைத் தொட்ட கணத்தில் தண்ணீர் ஆவியாகிப் பல மடங்கு விரிந்து, மேலே உள்ள சூடான எண்ணெயை வெளியே வீசும். முகம், கை, மார்பு எல்லாம் குழாய்க்கு நேர் மேலேதான் இருக்கும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், கலந்த ஈரம் கத்தியில் ஓரிடத்தை மென்மையாகவும் இன்னோரிடத்தைக் கீறல் விட்டும் வைக்கும். மூடி எப்போதும் மூடியே இருக்கட்டும். நீண்ட நாள் கழித்து எடுத்தால், மேலே உள்ள எண்ணெயை மெதுவாக வேறு பாத்திரத்தில் வடித்து அடியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முக்கும்போது கத்தியின் காய்ந்த பகுதி முழுவதும் தயங்காமல் உள்ளே போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் எண்ணெயின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிவந்த இரும்பு தீ மூட்டும். தீப்பிடித்தால் கத்தியை விட்டுவிட்டு மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. நீளக் குறடு, தோல் கையுறை, பருத்திச் சட்டை, மூடிய காலணி அவசியம். கூரைக்கு அடியில் அல்ல, திறந்த இடத்தில் செய்யுங்கள். சிறு பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

எண்ணெயா, சூடா? குறை எங்கே?

கத்தி கடினமாகவில்லை என்றால் எல்லாரும் எண்ணெயைத்தான் குறை சொல்வார்கள். பல நேரங்களில் குற்றவாளி உலை. எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்பிரிங் எஃகுக்கு அது போதாது. 830 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு படி பிரகாசமாகும் வரை காய்ச்சிச் சற்று நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்திருங்கள். நண்பகல் வெயிலில் நிறம் ஏமாற்றும். நிழலிலோ மாலையிலோ பார்ப்பது நல்லது.

புதிய பட்டையில் வேலை தொடங்கும் முன் அதிலிருந்து விரலளவு மூன்று துண்டுகளை வெட்டி எடுங்கள். ஒவ்வொன்றையும் சற்று வேறுபட்ட சூட்டில் காய்ச்சி, அதே எண்ணெயில் முக்குங்கள். துணியில் சுற்றி, வைஸில் பிடித்து, கண்ணாடிக் கவசம் அணிந்து சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிற வெல்வெட் துணிபோல் நயமாக இருந்தால் சூடும் எண்ணெயும் சரி. சர்க்கரைக் குருணைபோல் மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது. உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது எண்ணெய் மந்தம். ஒரு மணி நேர வேலை. ஆனால் இரண்டு நாள் தட்டிய கத்தியைக் காப்பாற்றும்.

கத்தியை நுனி முதலாக நேராக இறக்கி, வாய்–முதுகு திசையில் முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து வளைந்துவிடும். கொதிப்புச் சத்தம் அடங்கிய பிறகு எடுத்து, கருந்தோலைச் சற்றுத் தேய்த்துவிட்டுப் புதிய அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் கண்ணாடியில் போவதுபோல் வழுக்க வேண்டும். மேல்தோல் சூட்டில் கார்பன் இழந்து மென்மையாக இருக்கும். அதனால் முதல் உரசலில் அரம் பிடித்தாலும் பதற வேண்டாம், இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள்.

இந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரிதான்; சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடையக்கூடும். கைச்சூட்டுக்கு ஆறியதும் தாமதிக்காமல் பதம் இறக்க வேண்டும். வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மீண்டும் இரண்டு மணி நேரம். ஓவனின் திருகை நம்பாமல் உள்ளே தெர்மோமீட்டர் வையுங்கள். பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் வெளிர் வைக்கோல் நிறம் படியும். பாராங் என்றால் நீலம் வரும் வரை இறக்கு என்று ஒரு பழைய பழக்கம் உண்டு. நீலம் என்பது 300 டிகிரி அளவு. இந்த ரக எஃகு ஏறத்தாழ 260 முதல் 370 டிகிரி வரை ஒரு விசித்திரமான நிலையில் இருக்கும்: கடினம் குறையும், ஆனால் அதற்கு ஈடாக அடி தாங்கும் சக்தி கூடாது. 200, 220 டிகிரியோடு நிறுத்துவதே லாபம்.

எண்ணெயைப் பொறுத்தவரை, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டினால் இரும்புச் செதில் போய்விடும். அதே எண்ணெயைப் பல முறை பயன்படுத்தலாம். கறுத்து, கூழ்போல் தடித்து, சிக்கு வாடை அடிக்கும்போது மாற்றுங்கள். குழாயில் ‘சமையலுக்கு அல்ல’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய சமையல் எண்ணெய் வாங்க வருபவரிடம் கொடுப்பதானால் இரும்பு முக்கிய எண்ணெய் என்று சொல்லிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் மரத்தூளில் ஊறவைத்து, பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.